கிரீன் கார்டோடு ஊருக்குக் கிளம்பும் தங்கச்சிக்கு

"அக்கா, இவருக்குச் சென்னை ஆபீஸ்ல ரெண்டு வருஷம் போஸ்டிங் போட்டிருக்காங்க. கிரீன் கார்டு வந்து மூணு வருஷம் ஆச்சு, சிட்டிசன்ஷிப்புக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் பாக்கி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து தலையைக் காட்டிட்டுப் போனா போதுமாமே?"

போதாது தங்கச்சி. இந்த 'தலைகாட்டல்' யோசனை, அமெரிக்காவில் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற எந்த பர்த்டே பார்ட்டிக்குப் போனாலும் இலவசமாகக் கிடைக்கும். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, பாதி விதியைச் சொல்கிறார்கள். மீதிப் பாதி தெரியவரும்போது நாலைந்து வருடம் போயிருக்கும். பெட்டி கட்டும் முன் முழுசாகக் கேட்டுக்கொள்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்து வை. கிரீன் கார்டைக் காப்பாற்றுவது ஒரு கணக்கு. சிட்டிசன்ஷிப்புக்கு நாள் சேர்ப்பது வேறு கணக்கு. பால்காரர் நோட்டில் வரவு வைத்துவிட்டு மளிகைக் கடைக் கடன் தீர்ந்தது என்று யாராவது நினைப்போமா? இங்கே நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கார்டு கையில் இருக்கிறது, ஏர்போர்ட்டில் உள்ளே விட்டுவிட்டார்கள், அதனால் எல்லாம் சரி என்று இருந்துவிட்டு, இன்டர்வியூவில் ஆபீசர் பயண விவரத்தைக் கேட்கும்போதுதான் விழிக்கிறார்கள்.

சிட்டிசன்ஷிப் கணக்கு

அமெரிக்காவின் குடிவரவு, குடியுரிமைச் சட்டம் 1952-இல் வந்தது. அதன் 316-வது பிரிவுதான் நம்மில் பெரும்பாலோருக்குப் பொருந்தும். கிரீன் கார்டு வாங்கிய பிறகு ஐந்து வருடம் தொடர்ந்து அமெரிக்காவில் குடியிருந்திருக்க வேண்டும். அந்த ஐந்து வருடத்தில் குறைந்தது பாதி, அதாவது 30 மாதம், ஆள் நேரில் இந்த நாட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். நாள் கணக்கில் அது 913. எந்த மாநிலத்து முகவரியில் விண்ணப்பிக்கிறாயோ அங்கே கடைசி மூன்று மாதம் வசித்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஐந்து வருடம் மூன்றாகக் குறையும். 913 நாள் 548 ஆகும்.

ஐந்து வருடம் எந்தத் தேதியிலிருந்து? கார்டின் முன்பக்கத்தில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று ஒரு தேதி அச்சிட்டிருக்கும். அதிலிருந்து. எஃப்-1 விசாவில் படித்த வருடங்கள், ஹெச்-1பி-யில் உழைத்த வருடங்கள், இந்தியர்களுக்கான அந்த முடிவில்லாத க்யூவில் நின்ற வருடங்கள் எதுவும் இதில் சேராது. அநியாயம்தான். ஆனால் சட்டம் அப்படி.

உதாரணமாக, கார்டில் 2020 ஜூன் 15 என்று இருந்தால் ஐந்து வருடம் 2025 ஜூன் 15-இல் முடியும். அதற்கு 90 நாள் முன்பே, அதாவது 2025 மார்ச் 17 முதல், என்-400 ஃபார்மைப் போடலாம். ஒரு நாள் முந்திப் போட்டாலும் நிராகரிப்பார்கள், கட்டணமும் திரும்ப வராது. 2024 ஏப்ரல் 1 முதல் அந்தக் கட்டணம் ஆன்லைனில் 710 டாலர், பேப்பரில் 760 டாலர். அவசரப்பட்டு அதைத் தண்ணீரில் கரைக்காதே. இந்த 90 நாள் சலுகை ஐந்து வருடக் குடியிருப்புக்கு மட்டும்தான். 913 நாள் என்பது ஃபார்ம் போடும் அன்றே கையில் இருக்க வேண்டும்.

நாள் எண்ணும்போது நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. கிளம்பிய நாளும் அமெரிக்காவில் இருந்த நாளாகவே எண்ணப்படும், திரும்பி வந்து இறங்கிய நாளும் அப்படியே. நடுவில் உள்ள நாட்களை மட்டும் கழித்தால் போதும். 913-ஐ ஒட்டி நிற்பவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனாலும் சரியாக 913-இல் போய் நிற்காதே. கணக்கில் ஒரு தேதி தவறினால் எல்லாம் சரிந்துவிடும். ஒரு மாதமாவது கூடுதலாக இருக்கட்டும்.

ஆறு மாதம், ஒரு வருடம்

தொடர் குடியிருப்பு என்றால் ஐந்து வருடமும் வெளிநாடே போகக்கூடாது என்று அர்த்தம் இல்லை. ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பொதுவாகச் சிக்கல் வராது. ஆறு மாதத்தைத் தாண்டி ஒரு வருடத்துக்குள் வந்தால், தொடர்ச்சி அறுந்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அறுந்துவிடவில்லை என்று நிரூபிக்க வேண்டியது உன் பொறுப்பு. இங்கே வேலையை விடவில்லை, வீட்டை வாடகைக்கு விடாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து இருக்கும்படி வைத்திருந்தேன், கணவரும் பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள், ஊரில் வேலைக்குச் சேரவில்லை: இப்படிப்பட்ட ஆதாரங்களைக் காட்ட வேண்டும். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் பேச்சே இல்லை. தொடர்ச்சி தானாக அறுந்துவிடும். அப்பா ஐசியூவில் இருந்தார், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதெல்லாம் இந்த இடத்தில் எடுபடாது.

அறுந்தால் மறுபடி முழு ஐந்து வருடமா? கொஞ்சம் குறைவு. திரும்பி வந்த நாளிலிருந்து நாலு வருடமும் ஒரு நாளும் கழித்து விண்ணப்பிக்கலாம். 2023 மார்ச் 10-இல் வந்து இறங்கியவர் 2027 மார்ச் 11-இல் ஃபார்ம் போடலாம். அந்தத் தேதியிலிருந்து ஐந்து வருடம் பின்னால் பார்த்தால், வெளியே இருந்த காலத்தில் ஒரு வருடத்துக்கும் குறைவான பகுதிதான் அந்த வரம்புக்குள் விழும். ஆனால் அந்தப் பகுதியும் ஆறு மாதத்தைத் தாண்டியதுதானே? அதனால் மறுபடியும் ஆதாரம் காட்டச் சொல்வார்கள். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் நாலரை வருடம் பொறுத்திருந்து போடுவது நல்லது.

இப்போது 'தலைகாட்டல்' யோசனைக்கு வருவோம். ஐந்து மாதம் சென்னை, ஒரு மாதம் நியூ ஜெர்சி, மறுபடி ஐந்து மாதம் சென்னை என்று ஓட்டுகிறாய் என்று வை. எந்தப் பயணமும் ஆறு மாதத்தைத் தொடவில்லை, சரிதான். ஆனால் வருடத்துக்கு இரண்டு மாதம்தான் அமெரிக்காவில் இருந்திருக்கிறாய். ஐந்து வருடத்துக்குப் பத்து மாதம். தேவை 30 மாதம். வெறும் கூட்டல் கழித்தலிலேயே யோசனை விழுந்துவிட்டது. அதோடு, வேலையும் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் சென்னையில் இருந்தால், நீ குடியிருப்பது சென்னையில்தான், அமெரிக்காவுக்கு விருந்தாளியாக வந்துபோகிறாய் என்று ஆபீசர் முடிவுகட்டலாம். அப்படி முடிவுகட்டினால் சிட்டிசன்ஷிப் மட்டும் அல்ல, கிரீன் கார்டும் போகும். கார்டில் பத்து வருடம் செல்லும் என்று போட்டிருப்பது பிளாஸ்டிக்குக்கான தேதி. பத்து வருடம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று கொடுத்த அனுமதி அது இல்லை.

இன்னொன்றும் கவனி. விமான நிலையத்து விதி 180 நாளில் பேசுகிறது. ஒரே தடவையில் 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால், புதிதாக உள்ளே வர அனுமதி கேட்பவர்போல உன்னை விசாரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் ஊருக்குப் போகும்போதே ரிட்டர்ன் டிக்கெட்டை ஐந்தாவது மாதத்தில் போட்டுவிடு. நம் வீடுகளில் கடைசி நேரத்தில்தான் எல்லாம் வரும். தம்பி நிச்சயதார்த்தம் வரும், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வரும், யாராவது தவறினால் பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தாக வேண்டியிருக்கும். ஒரு மாத இடைவெளி இருந்தால் பதறாமல் தள்ளிப்போடலாம். 2020 மார்ச்சில் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியபோது ஊரில் மாட்டிக்கொண்டு ஆறு மாதத்தைத் தாண்டியவர்கள் உண்டு. கேன்சல் ஆன டிக்கெட்டின் மெயிலைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் அதை நீட்டிக் காரணம் சொல்ல முடிந்தது.

பர்மிட் எதைக் காக்கும், எதைக் காக்காது

ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருக்கப்போகிறாய் என்றால் ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கு. ஐ-131 ஃபார்ம். அதைப் போடும் நாளில் நீ அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு போட முடியாது. கைரேகைக்கும் கூப்பிடுவார்கள், அதையும் முடித்துவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம். பர்மிட் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு வருடம் வரை செல்லும், நீட்டிப்பு கிடையாது. வேண்டுமென்றால் இங்கே வந்து புதிதாகப் போட வேண்டும். கடைசி ஐந்து வருடத்தில் நாலு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடப் பர்மிட்தான் தருவார்கள்.

பர்மிட் இல்லாமல் ஒரு வருடம் தாண்டிவிட்டால் வெறும் கார்டைக் காட்டி உள்ளே வர முடியாது. அமெரிக்கத் தூதரகத்தில் எஸ்பி-1 என்ற திரும்பும் குடியிருப்பாளர் விசா கேட்க வேண்டும். தாமதம் உன் கையை மீறிய காரணத்தால் ஏற்பட்டது என்று காட்டினால்தான் அது கிடைக்கும். எளிதில் கிடைப்பது இல்லை.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். ரீ-என்ட்ரி பர்மிட் கிரீன் கார்டைக் காக்கும். சிட்டிசன்ஷிப்புக்கான தொடர் குடியிருப்பைக் காக்காது. பர்மிட்டோடு பதினெட்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு, ஏர்போர்ட்டில் ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே வந்தாலும், சிட்டிசன்ஷிப் கணக்கு அறுந்தது அறுந்ததுதான்.

அதைக் காக்க வேறு ஒரு ஃபார்ம் இருக்கிறது: என்-470. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை, கேள்விப்பட்டவர்களில் பலருக்கு இது பொருந்துவதும் இல்லை. அமெரிக்க அரசு, அங்கீகரிக்கப்பட்ட அமெரிக்க ஆராய்ச்சி நிறுவனம், அமெரிக்காவின் வெளிநாட்டு வணிகத்தை வளர்க்கும் அமெரிக்கக் கம்பெனி, அமெரிக்கா உறுப்பினராக உள்ள சர்வதேச அமைப்பு இவற்றின் வேலையாக வெளிநாடு போகிறவர்களுக்கானது. மதப் பணிக்காகப் போகிறவர்களுக்கும் உண்டு. அமெரிக்கக் கம்பெனியின் வெளிநாட்டுக் கிளை என்றால் அதன் பங்குகளில் பாதிக்கு மேல் அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம் இருக்க வேண்டும். ஆகவே ஓ.எம்.ஆரில் ஆபீஸ் வைத்திருக்கும் அமெரிக்கக் கம்பெனி உன் கணவரை அனுப்புகிறது என்றால் வழி இருக்கலாம். இந்திய ஐ.டி. கம்பெனியின் அமெரிக்கக் கிளையில் வேலை என்றால் இந்த வழி பெரும்பாலும் இல்லை.

நிபந்தனை இன்னும் இருக்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு முழு வருடம், ஒரு நாள்கூட நாட்டைவிட்டு வெளியே போகாமல், அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். நடுவில் கனடாவுக்கு நயாகரா பார்க்கப் போய்வந்திருந்தாலும் வருடம் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கும். வெளியே தொடர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் ஃபார்மைப் போட்டுவிட வேண்டும். கூடப் போகும் மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகளையும் அதே ஃபார்மில் சேர்க்கலாம். ஆனால் என்-470 தொடர் குடியிருப்பை மட்டும்தான் காக்கும். 913 நாள் தேவை அப்படியே இருக்கும். அரசு வேலையாகவும் மதப் பணிக்காகவும் போகிறவர்களுக்குத்தான் அதிலும் விலக்கு. இன்னொரு பக்கம், என்-470 இருந்தாலும் நாட்டுக்குள் நுழைய ரீ-என்ட்ரி பர்மிட் தனியாக வேண்டும். இரண்டு கணக்கு என்று சொன்னேனே, இரண்டுக்கும் இரண்டு காகிதம்.

உன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்று வருடமும் பெரும்பாலும் இங்கேயே இருந்திருக்கிறாய். 913 நாள் எப்போதோ சேர்ந்துவிட்டது. இன்னும் ஒன்றே முக்கால் வருடம் இங்கே இருந்தால் ஃபார்ம் போட்டுவிடலாம். வெறும் பர்மிட்டோடு இரண்டு வருடம் சென்னைக்குப் போனால், வந்த பிறகு நாலு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒன்றே முக்கால் வருடம் ஆறு வருடமாக நீள்கிறது. கம்பெனி என்-470-க்குத் தகுதியானது, இடையில் எந்தப் பயணமும் இல்லாத ஒரு முழு வருடமும் உங்களிடம் இருக்கிறது என்றால் கவலையில்லாமல் கிளம்பலாம். இல்லை என்றால் என் ஓட்டு, போஸ்டிங்கைத் தள்ளிப்போடுவதற்குத்தான்.

அவர் போயே ஆக வேண்டுமா? கணவன் மனைவி என்றாலும் நாட்கணக்கு அவரவருக்குத் தனித்தனி. அவர் போகட்டும், நீ பிள்ளைகளோடு இங்கே இருந்து உன் ஐந்து வருடத்தை முடித்துவிடு. நீ சிட்டிசன் ஆனதும், உன்னோடு இங்கே வசிக்கும், கிரீன் கார்டு உள்ள, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தானாகவே சிட்டிசன் ஆகிவிடுவார்கள். 2001 பிப்ரவரி 27 முதல் நடப்பில் இருக்கும் சட்டம் இது. இரண்டு வீடு, இரண்டு செலவு, வாரம் முழுக்க வீடியோ கால் என்று கஷ்டம்தான். இந்தக் கஷ்டத்தைப் பட வேண்டுமா என்பதை நீங்கள் இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும். மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று முடிவு எடுக்காதே.

கணவர் ஏற்கெனவே அமெரிக்கக் குடிமகன் என்றால் 319-வது பிரிவின் 'பி' பகுதியைப் படித்துப் பார். நான் மேலே சொன்ன வகை வேலைக்காக அவரைக் குறைந்தது ஒரு வருடம் வெளிநாட்டுக்கு அனுப்பினால், கூடப் போகும் மனைவிக்கு ஐந்து வருடமும் வேண்டாம், மூன்று வருடமும் வேண்டாம், 913 நாளும் வேண்டாம். கிரீன் கார்டு வந்ததுமே விண்ணப்பிக்கலாம். இன்டர்வியூவுக்கும் உறுதிமொழிக்கும் மட்டும் அமெரிக்காவில் இருந்தால் போதும். அவரோடு வெளிநாட்டில் வசிப்பேன், வேலை முடிந்ததும் அமெரிக்கா திரும்புவேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு தாராளமான சலுகை இந்தச் சட்டத்தில் அபூர்வம். தெரியாமல் விட்டுவிடாதே.

டேக்ஸும் ஏர்போர்ட்டும்

ஊரில் இருந்த வருடம் அமெரிக்காவில் வருமானமே இல்லை, எதற்கு டேக்ஸ் ரிட்டர்ன் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கிரீன் கார்டு இருக்கும்வரை உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும், 1040 ஃபார்மில். ஊரில் இருக்கும் ஆடிட்டர் டேக்ஸ் மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று 1040-என்ஆர் ஃபார்மைப் போட்டுவிட்டால், 'நான் இங்கே குடியிருப்பவன் இல்லை' என்று நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கார்டைக் கைவிட்டதற்கு அதுவே சாட்சியாகலாம். ஊர் வங்கிக் கணக்குகள், எஃப்.டி. எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் அறிக்கையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

ஏர்போர்ட்டில் நீண்ட நாள் கழித்து இறங்கும்போது கேள்வி வரும். எதிஹாத்தில் வந்தால் அந்தக் கேள்வி அபுதாபியிலேயே வரும், அமெரிக்க இமிக்ரேஷன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பதற்றப்படாதே. உண்மையைச் சொல். வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, டேக்ஸ் ரிட்டர்ன் காப்பி கைப்பையில் இருக்கட்டும். ஐ-407 என்று ஒரு ஃபார்மை நீட்டி, கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் போகலாம் என்றால் போட்டுவிடாதே. அது கிரீன் கார்டை நீயாகவே திருப்பிக் கொடுக்கும் ஃபார்ம். சம்மதம் இல்லாமல் போட வேண்டியதில்லை. இமிக்ரேஷன் நீதிபதியிடம் விசாரணை கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது. வயதான அம்மா அப்பா தனியாக வரும்போது இதை அவர்களுக்கு இரண்டு தடவை சொல்லி அனுப்பு.

என்-400 ஃபார்மில் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்தையும் எழுத வேண்டும். இன்றைக்கே ஒரு எக்ஸெல் ஷீட் திறந்து போன தேதி, வந்த தேதி, போன நாடு என்று எழுதி வை. போர்டிங் பாஸைப் போட்டோ எடுத்துக்கொள். பாஸ்போர்ட் முத்திரையை மட்டும் நம்பாதே, பாதி முத்திரையில் தேதியே தெரியாது. பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதே. ஃபார்ம் போட்டாயிற்று, இனி நிம்மதியாக ஊரில் ஒரு எட்டு மாதம் இருக்கலாம் என்றும் கிளம்பிவிடாதே. உறுதிமொழி எடுக்கும் நாள்வரை தொடர் குடியிருப்பு இருக்க வேண்டும்.

உறுதிமொழிக்குப் பிறகு? அதற்கப்புறம் எங்கே வசிப்பது என்பது உன் விருப்பம். 1952 சட்டத்தில் முன்பு ஒரு பிரிவு இருந்தது. வெளிநாட்டில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், பிறந்த நாட்டுக்கே போய்த் தொடர்ந்து மூன்று வருடம் வசித்தால் குடியுரிமை போய்விடும். ஜெர்மனியில் பிறந்து சிறுமியாக அமெரிக்கா வந்து, கல்யாணத்துக்குப் பிறகு ஜெர்மனியில் குடியேறிய ஷ்னைடர் என்ற பெண் அதை எதிர்த்து வழக்குப் போட்டார். இங்கே பிறந்தவருக்கு இல்லாத கட்டுப்பாட்டை வந்து சேர்ந்தவர்மீது மட்டும் சுமத்த முடியாது என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. குடியுரிமை வாங்கிய கையோடு வெளிநாட்டில் போய்க் குடியேறினால் அதை மோசடிக்கு அடையாளமாகப் பார்க்கும் பிரிவும் 1994-இல் நீக்கப்பட்டது. ஆகவே சிட்டிசன் ஆனபின் மயிலாப்பூரில் நிம்மதியாக இருக்கலாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது என்பதால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ கார்டு வாங்க வேண்டும். ஓசிஐ-யில் ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா வழி வயல் வாரிசுரிமையாக வரலாம், அதில் தடை இல்லை.

கனடாவில் இருக்கும் சித்தி மகள் சொல்வதை இங்கே கொண்டுவந்து பொருத்தாதே. அங்கே ஐந்து வருடத்தில் 1095 நாள் இருந்தால் சிட்டிசன்ஷிப், 730 நாள் இருந்தால் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) தங்கும். குடிமகனான கணவரோடு வெளிநாட்டில் இருந்த நாட்களும் அங்கே பி.ஆரைத் தக்கவைக்க எண்ணப்படும். அமெரிக்காவில் பொதுவாக அப்படி எண்ணுவது இல்லை.

அம்மா அப்பா விஷயம்

கடைசியாக, நம் வீடுகளில் மிக அதிகமாகக் குழம்புவது இதில்தான். நீ சிட்டிசன் ஆனதும் பெற்றோருக்கு கிரீன் கார்டு போடலாம், வருடாந்தர எண்ணிக்கை வரம்பு இல்லாததால் க்யூ கிடையாது. அதனாலேயே யோசிக்காமல் போட்டுவிடுகிறோம். அவர்கள் வருகிறார்கள். நாலு மாதத்தில் குளிர் வந்துவிடும். கார் ஓட்டத் தெரியாது, பேச ஆள் இல்லை, தஞ்சாவூரில் பூட்டிய வீடும் தோட்டமும் மனசை இழுக்கும். ஊருக்குப் போனால் ஐந்தரை மாதம் இருந்துவிட்டு, கார்டு போய்விடும் என்ற பயத்தில் மூட்டு வலியோடு இருபது மணி நேரம் பறந்து வருகிறார்கள். இங்கே மூன்று வாரம், மறுபடி ஊர். இந்த ஓட்டத்தில் சிட்டிசன்ஷிப் கணக்கும் சேராது, கார்டுக்கும் உத்தரவாதம் இல்லை.

"65 வயசு ஆச்சுன்னா இங்கிலீஷ் டெஸ்ட் இல்லையாமே" என்பார்கள். அதுவும் பாதி விதிதான். 50 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு இங்கே 20 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும்; அல்லது 55 வயதுக்கு மேல் 15 வருடம். அப்போதுதான் இங்கிலீஷ் பரீட்சை கிடையாது, வரலாறு அரசியல் கேள்விகளுக்குத் தமிழிலேயே மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பதில் சொல்லலாம். 65 வயதோடு 20 வருடமும் இருந்தால் கேள்விகளும் குறையும். 62 வயதில் வந்த அப்பா 67 வயதில் விண்ணப்பித்தால் இங்கிலீஷில் படித்து எழுதிக் காட்டித்தான் ஆக வேண்டும். மருத்துவக் காரணத்துக்கு என்-648 என்ற விலக்கு உண்டு, அதற்கு டாக்டர் சான்று வேண்டும். வயதை மட்டும் காட்டி வாங்க முடியாது.

பெற்றோர் உண்மையிலேயே இங்கே உன்னோடு வாழ வருகிறார்கள் என்றால் தாராளமாகப் போடு. பேரப்பிள்ளையைப் பார்க்க வருடம் ஒரு தடவை வருவதற்குத்தான் என்றால் விசிட்டர் விசா போதும். இந்தியர்களுக்குப் பொதுவாகப் பத்து வருட விசா தருகிறார்கள், ஒரு தடவை வந்தால் பெரும்பாலும் ஆறு மாதம் இருக்க விடுகிறார்கள், ஊரில் எத்தனை மாதம் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஏற்கெனவே கிரீன் கார்டு வாங்கிவிட்டு ஊரிலேயே இருக்கிறார்கள் என்றால், அவர்கள் சம்மதத்தோடு ஐ-407 போட்டுக் கார்டை முறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏர்போர்ட்டில் ஆபீசர் முன்னால் தலைகுனிந்து நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆகவே தங்கச்சி, பெற்றோருக்கான ஐ-130 ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் ஒரு போன் போட்டு, "வருஷத்துல எத்தனை மாசம் இங்கே இருப்பீங்க?" என்று அவர்களிடமே கேட்டுவிடு.